குளியலறைக்கு வரும் புழுப்பாம்பு: ஆணே இல்லாத ஓர் இனத்தின் மண்ணடி வாழ்க்கை

வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், மூன்றாம் நாள் காலையில் ஒரே மாதிரியான படங்கள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். குளியலறைத் தரையில் கறுப்பு நூல் துண்டு போல ஏதோ ஒன்று நெளிந்துகொண்டிருக்கும். "கட்டுவிரியன் குட்டியா?" என்று ஒருவர் கேட்பார். "காதுக்குள் புகுந்து மூளையைத் தின்னும் பாம்பு, ஜாக்கிரதை" என்று இன்னொருவர் எச்சரிப்பார். மண்புழுதான் என்று மூன்றாமவர் சொல்லி முடிப்பதற்குள் அதன்மேல் உப்போ மண்ணெண்ணெயோ கொட்டப்பட்டிருக்கும்.

செத்துக் கிடப்பது பெரும்பாலும் புழுப்பாம்பு. செவிப்பாம்பு, குருட்டுப் பாம்பு என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. இது யாரையும் கடித்துக் கொன்றதில்லை. கடிக்கும் அளவுக்கு அதன் வாய் திறப்பதுமில்லை. ஆனால் உலகில் இன்றுள்ள தரைவாழ் பாம்புகளிலேயே மிகப் பரவலாக வாழ்வது இதுதான். ஆண் துணையின்றி மட்டுமே இனம் பெருக்கும் பாம்பாக இதுவரை அறியப்பட்டிருப்பதும் இது ஒன்றுதான். இதன் கண், செதில், வால், இனப்பெருக்கம், மழைநாளில் வீட்டுக்குள் வருவது ஆகிய எல்லாவற்றையும் ஒரே சாவியால் திறக்கலாம். அந்தச் சாவி ஈரமண். அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில், இது என்ன உயிர்?

குருட்டுப் பாம்புகள் என்பது ஒரு பெரிய கூட்டம். உலகம் முழுவதும் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அதில் இருக்கின்றன. பாம்புகளின் வம்சாவளியில் மிகப் பழைய காலத்திலேயே தனியாகப் பிரிந்துபோன கிளைகள் இவை. பெரும்பாலானவை வெப்பமண்டல நாடுகளில், தரைக்கு மேல் அதிகம் வராமல், எறும்பையும் கரையானையும் நம்பி வாழ்கின்றன.

நம் வீடுகளில் தென்படுவதை ஆங்கிலத்தில் 'பிராமினி பிளைண்ட் ஸ்னேக்' என்பார்கள். அறிவியல் பெயர் இண்டோடிஃப்ளாப்ஸ் பிராமினஸ். 'டிஃப்ளாப்ஸ்' என்பது குருட்டுக் கண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

இந்தப் பெயருக்குப் பின்னால் வங்கக் கடற்கரையின் கதை ஒன்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796இல் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். கண்ணாடிவிரியனுக்கு ஆங்கிலத்தில் இவர் பெயர்தான் வழங்குகிறது. அந்த நூலில் புழுப்பாம்பின் படமும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் சொன்ன தெலுங்குப் பெயரைத் தன் காதில் விழுந்தபடி 'ரொண்டூ தலூலூ பாம்' என்று எழுதிவைத்தார். இரண்டு தலைப் பாம்பு என்று பொருள். தலை எது, வால் எது என்று தெரியாத உடலைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். அதைக் கொண்டு 1803இல் பிரெஞ்சு விலங்கியலாளர் டோடன் இதற்கு முறைப்படி அறிவியல் பெயர் சூட்டினார். அவர் இதைச் சேர்த்தது 'எரிக்ஸ்' என்ற பேரினத்தில். இன்று அந்தப் பேரினத்தில் இருப்பது மண்ணுளிப் பாம்பு. நம் ஊரிலும் இரட்டைத் தலை என்ற பேச்சைச் சுமந்துகொண்டு கடத்தல்காரர்கள் கையில் சிக்கிச் சீரழிவது அதுதான். மண்ணுக்குள் வாழும் இரண்டு பாம்புகள் மீது ஒரே தவறான எண்ணம் இருநூறு ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேரினப் பெயர் அதற்குப் பிறகு பலமுறை மாறிவிட்டது. 2014இல் இந்தக் குடும்பம் மறுசீரமைக்கப்பட்டபோது இண்டோடிஃப்ளாப்ஸ் என்ற இப்போதைய பெயர் வந்தது. கன்னி என்ற பொருள்பட 'விர்கோடிஃப்ளாப்ஸ்' என்று தனிப் பேரினமே வைக்கலாம் என 2020இல் ஒரு முன்மொழிவும் வந்தது. அந்தப் பெயருக்கான காரணம் இந்தக் கட்டுரையின் நடுவில் வரும்.

மண்புழுவா, புழுப்பாம்பா, விரியன் குட்டியா?

பதற்றத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. பொறுமையாக அரை நிமிடம் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

1. நகரும் விதம். மண்புழு நீண்டு சுருங்கி, நீண்டு சுருங்கி நகரும். புழுப்பாம்பு நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. உடலைப் பக்கவாட்டில் வளைத்து நெளியும். தொந்தரவு செய்தால் வெகு வேகமாகத் துள்ளும்.

2. தோல். மண்புழுவின் உடலில் வளையங்கள் தெரியும்; வழவழப்பான கோழை இருக்கும். புழுப்பாம்பின் உடல் எண்ணெய் பூசித் துடைத்ததுபோல மின்னும், ஆனால் கையில் ஒட்டாது. கரும்பழுப்பு அல்லது கறுப்பு நிறம், அடிப்பகுதி சற்று வெளிறியிருக்கும். தோலுரிக்கும் முன் நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்தச் சமயத்தில் பார்ப்பவர்கள்தான் 'புதுவகைப் பாம்பு' என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

3. நாக்கு. உற்றுப் பார்த்தால், மூக்கு நுனிக்குக் கீழே மிகச் சிறிய நாக்கு வெளியே வந்து வந்து போவது தெரியும். மண்புழுவுக்கு நாக்கு கிடையாது. ஐயத்தைத் தீர்க்க இது ஒன்றே போதும்.

4. அளவு. புழுப்பாம்பு பெரும்பாலும் 15 செ.மீ.க்குள் அடங்கிவிடும்; தடிமன் பென்சில் அளவுகூட இருக்காது. கட்டுவிரியன் முட்டையிலிருந்து வெளிவரும்போதே ஏறக்குறைய 25 செ.மீ. நீளம் இருக்கும். அதற்குத் தெளிவான தலை, தெளிவான கண், முதுகில் வெள்ளைக் கோடுகள், கூம்பிப் போகும் வால் எல்லாம் உண்டு. புழுப்பாம்புக்குத் தலையும் வாலும் ஒரே தடிமன்.

5. வயிறு. கட்டுவிரியன், நல்லபாம்பு, சாரை போன்றவற்றின் வயிற்றில் அகலமான செதில்கள் ஏணிப்படிகள்போல அடுக்கியிருக்கும். புழுப்பாம்புக்கு மேலும் கீழும் ஒரே அளவுச் செதில்கள்தான்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த அடையாளங்களைப் பார்ப்பதற்காக எந்தப் பாம்பையும் கையில் எடுக்கக் கூடாது. 15 செ.மீ. ஸ்கேல் நீளத்தைத் தாண்டியதாகவோ, உடலில் கோடோ புள்ளியோ உள்ளதாகவோ இருந்தால் விலகி நின்று, பாம்பு பிடிக்கத் தெரிந்தவரையோ வனத்துறை அல்லது தீயணைப்புத் துறையையோ அழைப்பதுதான் சரி.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் குழப்பம் இன்னும் ஒருபடி கூடும். அங்கே மண்ணுக்குள் கேடயவால் பாம்புகள் வாழ்கின்றன. சிசிலியன்கள் எனப்படும், கால் இல்லாத தவளை உறவினங்களும் வாழ்கின்றன. சிசிலியனின் தோல் வளையம் வளையமாக, ஈரக் கோழையோடு இருக்கும். கேடயவால் பாம்பின் வால் பட்டையாக வெட்டியதுபோல முடியும். பல கேடயவால் இனங்கள் அந்த மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. புழுப்பாம்பு என்று நினைத்துக்கூட அவற்றை அடித்துவிடக் கூடாது.

மண் வடித்த உடல்

கண்ணிலிருந்து தொடங்கலாம். புழுப்பாம்பின் தலையின் இரு பக்கமும் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவைதான் கண்கள். அவற்றின் மேல் ஒரு செதில் மூடிபோலப் படிந்திருக்கிறது. ஒளி ஊடுருவக்கூடிய செதில். உருவம் எதையும் அந்தக் கண்ணால் பார்க்க முடியாது. வெளிச்சம், இருட்டு என்ற அளவுக்கு மட்டும் உணர முடியும். மண்ணுக்குள் வாழும் உயிருக்கு அந்த ஒரு செய்திதான் தேவை. வெளிச்சம் படுகிறது என்றால் மேலே வந்துவிட்டோம், காக்கைக்கும் கோழிக்கும் தெரிகிறோம், உடனே கீழே போக வேண்டும். குருட்டுப் பாம்பு என்ற பெயர் அதற்கு முழுக்கப் பொருந்தாது என்பது என் கருத்து.

செதில்கள் உடலைச் சுற்றி 20 வரிசைகளாக, ஒன்றின்மேல் ஒன்று இறுகப் படிந்து இருக்கின்றன. அதனால் மண்துகள் உள்ளே புகாது, உராய்வும் குறையும். மற்ற பாம்புகள் தரையை ஒரு பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டு ஊர்கின்றன. அவற்றுக்கு வயிற்றில் அகலச் செதில் வேண்டும். புழுப்பாம்புக்கோ மண் நான்கு பக்கமும் இருக்கிறது. எந்தப் பக்கமும் உந்தலாம் என்பதால் வயிற்றுக்குத் தனிச் செதில் தேவைப்படவில்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பளபளப்பான குளியலறைத் தரையில் அது படும் பாட்டைக் கவனித்தால் போதும். உடல் முழுவதும் வளைந்து வளைந்து துடிக்கும். ஆனால் விரல் அகலம் முன்னேறுவதே பெரிய காரியமாக இருக்கும். உந்துவதற்கு எதுவும் இல்லை. அப்போது அதன் வால்நுனி தரையில் ஊன்றி ஊன்றிப் பார்க்கும். அந்த நுனியில் ஒரு குட்டி முள் இருக்கிறது. மண்ணுக்குள் அந்த முள்ளை ஊன்றிக்கொண்டுதான் அது தலையை முன்னே தள்ளுகிறது. கையில் எடுத்தவருக்கும் அதே முள்தான் குத்துகிறது. அது கொட்டும் உறுப்பு அல்ல, அதில் விஷம் இல்லை, தோலைத் துளைக்கும் வலுவும் இல்லை. ஆனால் 'வாலில் கொட்டும் பாம்பு' என்ற நம்பிக்கை பிறந்தது அந்தச் சின்னக் குத்தலிலிருந்துதான். கூடவே ஒரு துர்நாற்றத் திரவத்தையும் அது வெளியேற்றும். அதனிடம் உள்ள தற்காப்பு இவ்வளவுதான்.

தலை வட்டமாக, வாய் நுனியில் இல்லாமல் சற்றுக் கீழே பின்தள்ளி இருக்கும். மண்ணைக் குடையும்போது வாய்க்குள் மண் போகாமல் இருக்க இந்த அமைப்பு. ஆனாலும் இது பெரிதாக வளை தோண்டும் பாம்பு அல்ல. இறுகிய களிமண்ணைத் துளைக்கும் பலம் அதற்கு இல்லை. பொலபொலவென்ற மண், மட்கிய இலை, எறும்பும் மண்புழுவும் ஏற்கெனவே போட்டுவைத்த பாதைகள், வேர் அழுகிய துவாரங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும்.

இவ்வளவு சிறிய உடலிலிருந்து ஈரம் எளிதில் ஆவியாகிவிடும் என்பதால் ஈரப்பதமே அதற்கு உயிர். வெயில் காலத்தில் மண் காய்கிற அளவுக்கு ஏற்ப ஆழமாகவோ, கல்லுக்கும் கட்டைக்கும் அடியிலோ, எப்போதும் தண்ணீர் ஊற்றும் தொட்டிகளுக்குள்ளோ ஒதுங்கும். மட்கிய உரக்குழி, வாழைத்தூரின் அடி, ஈரச் செங்கல் அடுக்கு, தொட்டியின் அடிப்புறத் துவாரம் ஆகியவை அதன் நிரந்தர முகவரிகள்.

எறும்புக் கூட்டில் விருந்து

உணவு மிகவும் குறுகிய பட்டியல்: எறும்பின் முட்டை, எறும்பின் புழுக்கள், கூட்டுப்புழுக்கள், கரையான். 'எறும்பு முட்டை' என்று நாம் பேச்சில் சொல்லும் வெள்ளை மணிகளில் பெரும்பாலானவை உண்மையில் முட்டைகள் அல்ல, புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். புழுப்பாம்புக்கு அவைதான் முக்கிய உணவு. கொழுப்பும் புரதமும் நிறைந்தவை, ஓடாதவை, கடிக்காதவை.

ஆனால் அவற்றைக் காவல் காக்கும் எறும்புகள் கடிக்கும். அதனால் கூட்டுக்குள் நுழைந்தால் சீக்கிரம் தின்றுவிட்டு வெளியேற வேண்டும். இங்கேதான் இந்தக் குடும்பத்தின் வாயமைப்பு வேலைக்கு வருகிறது. மற்ற பாம்புகள் கீழ்த்தாடையைத் தளர்த்தி, தன்னைவிடத் தடித்த இரையை மெல்ல மெல்ல விழுங்கும். புழுப்பாம்பால் அப்படி வாயைத் திறக்க முடியாது. அதன் கீழ்த்தாடையில் பல்லே இல்லை. மேல்தாடையின் இரு சிறு எலும்புகளில் மட்டும் பற்கள் இருக்கின்றன. அந்த எலும்புகள் முன்னும் பின்னுமாக ஆடி, நொடிக்குப் பல முறை, இரையை உள்ளே வாரி இழுக்கின்றன. களத்தில் குவிந்த நெல்லைப் பலகையால் இழுப்பது போன்ற வேலை. சிறிய இரை, நிறைய எண்ணிக்கை, குறைந்த நேரம்.

எறும்புக் கூடு எங்கே என்று கண்ணில்லாமல் எப்படித் தெரியும்? நாக்கால். எறும்புகள் தம் வழித்தடத்தில் விட்டுச்செல்லும் வேதிப்பொருளைக் குருட்டுப் பாம்புகள் மோப்பம் பிடித்துத் தொடர்வதை அமெரிக்க இனங்களிலும் ஆஸ்திரேலிய இனங்களிலும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

கரையான் விஷயத்தில் இன்னொரு விசேஷம். கரையானைப் பிடித்த புழுப்பாம்பு அதன் தலையை அடிமண்ணில் தேய்த்துத் துண்டித்துவிட்டு, உடலை மட்டும் விழுங்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் பதிவு செய்தார்கள். எல்லா முறையும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் தலையோடு விழுங்கப்பட்ட கரையான்களின் தலைகள் செரிக்காமல் எச்சத்தில் அப்படியே வெளிவந்தன. செரிக்காத பாகத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வருவது வயிற்றுக்கு லாபம். இரையை முழுதாக விழுங்கும் பிராணி என்றுதான் பாம்பை நாம் படித்திருக்கிறோம். இரையைத் துண்டாக்கித் தின்னும் பாம்புகள் வெகு அபூர்வம். அந்த அபூர்வம் நம் வாழைத்தூரின் அடியிலேயே இருக்கிறது என்பது எனக்குப் பெரிய வியப்பு.

குருட்டுப் பாம்புகள் பிறருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு டெக்சாஸிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள ஒருவகைச் சிறு ஆந்தை, குஞ்சுகளுக்கு இரை கொண்டுவரும்போது மற்ற இரைகளைக் கொன்று கொண்டுவரும். அந்தப் பகுதியின் குருட்டுப் பாம்பை மட்டும் பல சமயம் உயிரோடு கொண்டுவரும். சில பாம்புகள் தப்பி, கூட்டின் அடிக்குப்பைக்குள் புகுந்து, அங்கே நெளியும் பூச்சிப்புழுக்களைத் தின்று வாழ்கின்றன. அப்படிப் பாம்பு குடியிருக்கும் கூடுகளில் குஞ்சுகள் வேகமாக வளர்ந்ததையும், குறைவாக இறந்ததையும் 1987இல் வெளியான ஆய்வு காட்டியது. இது வேறு இனம்தான். ஆனால் உடலும் தொழிலும் கிட்டத்தட்ட ஒன்று.

ஆண் இல்லாமல் எப்படி?

இந்தப் பாம்பை உலகம் முழுவதிலும் சேகரித்துப் பார்த்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்தவை எல்லாம் பெண்கள். ஆண் ஒன்றுகூட உறுதியாகக் கிடைக்கவில்லை. 1987இல் வெளியான குரோமோசோம் ஆய்வு காரணத்தைக் காட்டியது. அதை மூன்று படிகளில் புரிந்துகொள்ளலாம்.

1. பெரும்பாலான விலங்குகளின் உயிரணுவில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும்: தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இதற்கு இருமயம் என்று பெயர்.

2. புழுப்பாம்பிடம் மூன்று தொகுதிகள் இருக்கின்றன. தொகுதிக்கு 14 வீதம் மொத்தம் 42. இதை மும்மயம் என்பார்கள். வழக்கமான முறையில் முட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். மூன்று பேர் நின்றால் ஜோடி சரியாக அமையாது. விதையில்லா வாழைப்பழம் விதையில்லாமல் இருப்பதும் இதே மும்மயச் சிக்கலால்தான்.

3. வாழை பக்கக்கன்று விட்டுப் பிழைத்துக்கொண்டது. புழுப்பாம்பும் ஏறத்தாழ அதே வழியைத்தான் பிடித்தது. விந்து சேராமலேயே முட்டை கருவாக வளர்கிறது. பிறக்கும் குட்டிகள் தாயின் மரபணு நகல்கள், அதனால் எல்லாம் பெண்கள். இதைக் கன்னி இனப்பெருக்கம் என்கிறார்கள். மேலே சொன்ன 'விர்கோ' இதைத்தான் குறிக்கிறது.

வேறு சில பாம்புகளிலும், மலைப்பாம்பு உட்பட, ஆண் இல்லாத நேரத்தில் அபூர்வமாக இப்படி நடந்திருக்கிறது. ஆனால் அவற்றுக்கு அது அவசர வழி. புழுப்பாம்புக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை. ஒரு தடவைக்கு ஒன்று முதல் எட்டு முட்டைகள் வரை இடும். நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய, நீளவாக்கு முட்டைகள். வெளிவரும் குட்டி ஐந்தாறு செ.மீ. நீளத்தில், தையல் நூலைவிடக் கொஞ்சம் தடியாக இருக்கும்.

நகல் எடுத்துப் பெருகுவதில் ஒரு பலவீனம் உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி என்றால் ஒருவரை வீழ்த்தும் நோய் எல்லோரையும் வீழ்த்திவிடும். இதுவரை அந்தப் பலவீனம் இதன் பரவலைத் தடுத்ததாகத் தெரியவில்லை. ஏன் என்பதற்கான பதில் அடுத்த பகுதியில் இருக்கிறது.

பூந்தொட்டியில் ஏறிய பயணம்

நாற்றுப்பண்ணையில் ஒரு செடி வாங்குகிறோம். கறுப்பு பாலித்தீன் பையில் செம்மண், மணல், தொழு உரம் கலந்த கலவை. தினமும் தண்ணீர், மேலே நிழல், உள்ளே எறும்புக் கூடு. புழுப்பாம்பின் முகவரியாக மேலே சொன்ன எல்லாமே அந்தப் பைக்குள் இருக்கின்றன. அந்தச் செடி லாரியில் ஏறினால் அதுவும் ஏறும். கப்பலில் ஏறினால் அதுவும் கப்பலில் ஏறும். இதனால்தான் ஆங்கிலத்தில் இதற்குப் 'பூந்தொட்டிப் பாம்பு' என்றும் பெயர் வந்தது.

மண்ணில் ஒளிந்து பயணம் செய்யும் சிறு உயிர்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலானவற்றுக்குப் போய்ச்சேர்ந்த இடத்தில் ஒரு துணை வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே காலத்தில் ஒரே தோட்டத்துக்கு வந்துசேர வேண்டும். அது கைகூடாமல் வந்தவை அப்படியே மடிந்துபோகும். புழுப்பாம்புக்கு ஒரு பெண் போதும். ஒரேயொரு முட்டை வந்து சேர்ந்தாலும் போதும். அதிலிருந்து ஒரு குடியே உருவாகிவிடும்.

தெற்காசியாவில் தோன்றியதாகக் கருதப்படும் இந்தப் பாம்பு இன்று அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களின் வெப்பமான பகுதிகளையும் எட்டிவிட்டது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், செஷல்ஸ், மெக்சிகோ, ஃபுளோரிடா, வட ஆஸ்திரேலியா, ஜப்பானின் ஒகினாவா என்று பட்டியல் நீள்கிறது. ஹவாய்த் தீவுகளின் கதை எல்லாவற்றையும்விடத் தெளிவானது. அங்கே சொந்தத் தரைப்பாம்பு எதுவும் இல்லை. பாம்பு வளர்ப்பதே சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட இடத்தில் 1930இல் ஒரு பள்ளி வளாகத்தில் புழுப்பாம்பு தென்பட்டது. வளாகத்தை அழகுபடுத்த பிலிப்பைன்ஸிலிருந்து வரவழைத்த செடிகளின் மண்ணோடு அது வந்ததாகக் கருதப்படுகிறது. இன்றும் ஹவாயில் நிலைகொண்டுவிட்ட ஒரே தரைப்பாம்பு இதுதான்.

அயல்நாட்டு உயிர் என்றதும் ஆக்கிரமிப்பு இனம் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. ஓரிடத்துக்குப் புதிதாக வந்து நிலைப்பது வேறு; வந்த இடத்தில் மற்றவற்றை அழிப்பது வேறு. புழுப்பாம்பு முதல் வகையில் ஐயமின்றிச் சேரும். இரண்டாவதற்கு வலுவான சான்று இல்லை. கிறிஸ்துமஸ் தீவு போல, உலகில் வேறெங்கும் இல்லாத சொந்தக் குருட்டுப் பாம்பு வாழும் சிறு தீவுகளில் மட்டும் கவனம் தேவை என்பேன். ஒரே உணவு, ஒரே மண்ணடி இருப்பிடம் என்றிருக்கும்போது போட்டியே இருக்காது என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

மழைக்கும் குளியலறைக்கும் என்ன தொடர்பு?

இப்போது தொடங்கிய இடத்துக்கு வரலாம். மழை வலுத்தால் மண்ணின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறைகிறது. நுரையீரலால் மூச்சுவிடும் புழுப்பாம்பு அங்கே மூழ்கிவிடும். எறும்புகள் கூட்டோடு மேடான இடத்துக்குக் குடிபெயர்வதையும் நாம் பார்க்கிறோம். ஆக, வீடும் மூழ்குகிறது, சாப்பாடும் நகர்ந்துவிடுகிறது. பாம்பு மேலே வருகிறது.

மேலே வந்ததும் அது தேடுவது இருட்டு, ஈரம், உடலை நெருக்கும் இடுக்கு. வீட்டின் வெளிச்சுவர் ஓரமாகப் போனால் இந்த மூன்றும் கிடைக்கும் இடம் கழிவுநீர்க் குழாய். குழாயின் வெளிப்புற விரிசல், குழாய்க்கும் சுவருக்கும் இடையே பூசாமல் விட்ட சந்து, நெடுநாள் பயன்படுத்தாமல் தண்ணீர் வற்றிப்போன தரைத் துவாரம் ஆகியவற்றின் வழியே உள்ளே வந்துவிடுகிறது. அது வீட்டைத் தேடி வந்ததாக நினைக்க வேண்டியதில்லை. நம் குளியலறை அதற்கு ஒரு பெரிய மண்வளை. ஆனால் வழுக்கும் வளை, வெளியேற வழி தெரியாத வளை.

தரைத்தளத்துக்கு மட்டும்தான் வரும் என்று சொல்ல முடியாது. மாடியில் தொட்டிச்செடி வளர்ப்பவர்கள் வீட்டில் மூன்றாம் மாடியிலும் தென்படலாம். அது செடியோடு ஏறி வந்தது.

ஒன்றுக்கு மேற்பட்டவை தென்பட்டாலும் தாய்ப்பாம்பு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பயப்பட வேண்டாம். கண்ணில் பட்டதே முழு வளர்ச்சி அடைந்த தாயாக இருக்கக்கூடும்.

காதுக்குள் போகுமா?

செவிப்பாம்பு என்ற பெயரிலேயே அந்தப் பயம் உட்கார்ந்திருக்கிறது. தரையில் படுத்துறங்கிய காலத்தில் பூரானும் எறும்பும் காதுக்குள் போன அனுபவம் நம் மக்களுக்கு உண்டு. இடுக்கு தேடும் இந்த மெல்லிய பாம்பும் அப்படிச் செய்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. பிள்ளைகள்மேல் இருந்த அக்கறையே அது. ஆனால் உடலமைப்பு என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மனிதக் காதின் வெளிக்குழாய் சுமார் இரண்டரை செ.மீ. நீளம்தான். அதன் முடிவில் செவிப்பறை அடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து மூளைக்குத் திறந்த வழி கிடையாது. துளைத்துப் போவதற்கு ஏற்ற பல்லும் இந்தப் பாம்பிடம் இல்லை, பலமும் இல்லை. அதன் வாயில் புகுவது எறும்பின் புழு. மூளையைத் தின்னும் என்பது முழுக் கற்பனை. கடித்தால் விஷமுறிவு மருந்து வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம், அதற்கு விஷப்பல்லும் இல்லை, விஷச் சுரப்பியும் இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டிய இடத்தில் இருப்பது புழுப்பாம்புதான். தேரை, கோழி, செம்போத்து, பூனை என்று அதைத் தின்பவை பல. மனிதர்கள் எதோடு அதைக் குழப்பிக்கொள்கிறார்களோ அந்தக் கட்டுவிரியனே புழுப்பாம்பைத் தின்னும். அதன் உயிர்ப்பிடிப்புக்கும் ஒரு சான்று இருக்கிறது. கிழக்குத் திமோரில் ஒரு தேரையின் பின்துவாரம் வழியாகப் புழுப்பாம்பு ஒன்று உயிரோடு வெளியேறியதை ஆய்வாளர்கள் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தேரையின் குடல் முழுவதையும் கடந்து வந்திருக்கிறது. சில மணி நேரத்தில் அது இறந்துபோனது.

வீட்டில் கண்டால்

1. முதலில் மேலே சொன்ன அடையாளங்களைத் தொலைவிலிருந்தே பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஐயம் இருந்தால் பாம்பு பிடிப்பவரை அழைக்க வேண்டும்.

2. உப்பு, பினாயில், மண்ணெண்ணெய், கொதிநீர் எதுவும் வேண்டாம். அவை அந்தப் பாம்பைத் துடிதுடிக்கக் கொல்லுமே தவிர, அடுத்தது வருவதைத் தடுக்காது.

3. அடுத்தது வராமல் தடுக்கச் சிமெண்ட்தான் மருந்து. குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தின் சந்துகளைப் பூச வேண்டும். தரைத் துவாரத்துக்கு நெருக்கமான வலைமூடி போட வேண்டும். பயன்படுத்தாத குளியலறையில் வாரம் ஒரு முறையாவது ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் துவாரத்தின் உள்வளைவில் தண்ணீர் நின்று வழியை அடைக்கும்.

4. தொட்டியில் இருந்தால் விட்டுவிடலாம். வேரைக் கடிக்காது, செடிக்கு ஒரு கேடும் செய்யாது. வேறு ஊருக்கு, வேறு நாட்டுக்குச் செடி அனுப்புகிறவர்கள் மட்டும் மண்ணை உதறி, வேரைக் கழுவி அனுப்புவது நல்லது.

5. குளியலறையில் இருந்தால் ஓர் அட்டையை அதன் முன்னால் சாய்த்துவைத்து, மெல்லத் தள்ளி ஏற்றி, வெளியே மேடான, ஈரமான, நிழலான மண்ணில் விட வேண்டும். வெயில் படும் சிமெண்ட் தரையில் விட்டால் சிறிது நேரத்தில் காய்ந்து செத்துவிடும்.

வாழைத்தூர் ஓரமாக விட்டால் நல்லது. ஓடுகளின் மேல் அத்தனை நேரம் தவித்த உடல் ஈரமண் பட்டதும் நெளிவதை நிறுத்திவிடும். நாக்கு இரண்டு மூன்று முறை வந்துபோகும். தலை ஒரு சருகுக்கடியில் நுழையும், உடல் நூல் இழுபடுவதுபோலப் பின்தொடரும். கடைசியாக வால்நுனி முள் மண்ணில் ஒருமுறை ஊன்றும். பிறகு அந்த இடத்தில் சருகு மட்டும் இருக்கும்.